வெட்டிவேர் நடலாம், விற்கலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக வாசித்தால் போதும். ஆனால் பழைய ஆக்கர் கடையோ, பேட்டரி உடைக்கிற இடமோ, முலாம் பூசுகிற பட்டறையோ இருந்த மண் யார் கையிலாவது இருந்தால், அவர்கள் இன்றைக்கே வாசித்துவிடுங்கள்.

ஒரு மாதமாக நம்ம குடும்பக் குழுவிலும், நீங்கள் வகுப்பு வாரியாக வைத்திருக்கிற குழுக்களிலும் ஒரே காணொளி சுற்றிச் சுற்றி வருகிறது. வெட்டிவேரையோ எலுமிச்சைப்புல்லையோ நட்டால் மண்ணிலுள்ள ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாவற்றையும் அது உறிஞ்சிவிடுமாம். ஒரே வருஷத்தில் மண் சுத்தமாகிவிடுமாம். புல்லிலிருந்து தைலம் எடுத்து விற்றால் காசாம், அந்தத் தைலத்தில் விஷம் துளியும் இருக்காதாம். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள்.

அதைப் பார்த்துவிட்டு என்னிடம் படித்த ஒருவன் போன் செய்தான். ஊர் ஓரத்தில் அவனுக்கு 30 சென்ட் விளை இருக்கிறது. பத்து வருஷம் அதை வாடகைக்கு எடுத்தவர் அங்கே பழைய பேட்டரி உடைத்திருக்கிறார். இப்போது காலி செய்துவிட்டார். இவன் திட்டம் இதுதான்: இந்த மழைக்கு வெட்டிவேர் நட வேண்டும், அடுத்த வருஷம் வேரைப் பறித்து நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கீரையும் மரச்சீனியும் போட வேண்டும். "சாரே, நல்ல காரியம்தானே?" என்று கேட்டான். நாலு நாள் பொறு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படித்ததையும் யோசித்ததையும் அவனிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லாரும் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பதால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் வெட்டிவேரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது நமக்குப் புதிதா என்ன? கோடையில் மண்பானைத் தண்ணீரில் ஒரு பிடி வேர் கிடக்கும். குளியல் பொடியில் சேர்ப்போம். தட்டி கட்டி நனைத்துவிட்டால் மத்தியான வெயிலில் வீடு மணக்கும். மேற்கே மலையாளம் கலந்து பேசுகிற ஊர்களில் ராமச்சம் என்பார்கள். கடலூர்க் கடற்கரை மணலில் அதை ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். லக்னோவில் இருக்கிற மத்திய மருத்துவ, நறுமணப் பயிர்கள் நிறுவனம் நல்ல நல்ல ரகங்களைக் கொடுத்திருக்கிறது. 2017க்குப் பிறகு அரோமா மிஷன் என்ற பெயரில் வாசனைப் பயிர்களை ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். நல்ல வேலைதான்.

அந்தப் புல்லின் அருமை வேரில் இருக்கிறது. மற்றப் புல்லின் வேர் பக்கவாட்டில் பரவும், இது நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் மூன்று மீட்டர் வரை போகும். கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வரப்பில் இதை வேலியாக நட்டு மண்ணரிப்பைத் தடுத்து வந்தார்கள். 1980களில் உலக வங்கிக்காரர்கள் இங்கே வந்தபோது அந்த யோசனையை எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பரப்பினார்கள். மலைச்சாலை ஓரம், சுரங்க மண்மேடு, சாம்பல் மேடு என்று எங்கெல்லாமோ நடுகிறார்கள். புளித்த மண், உப்பு மண், உலோகம் கலந்த மண் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வளரும். மற்றப் பயிர் கருகுகிற இடத்தில் இது பச்சையாக நிற்கும். இதுவரை காணொளி சொன்னது சரி.

தப்பு எங்கே வருகிறது என்றால், 'தாங்கும்' என்பதை 'உறிஞ்சி எடுத்துவிடும்' என்று மாற்றிச் சொல்கிற இடத்தில்.

உலோகத்தை உண்மையாகவே இழுத்து இலையில் சேர்த்து வைக்கிற செடிகள் உலகத்தில் உண்டு. அவை வேறு சாதி. பழைய சுவரிலும் கிணற்று உறையிலும் முளைக்கிற ஒரு பெரணி, மண்ணிலுள்ள ஆர்சனிக்கைத் தன் இலைக்குக் கொண்டுபோய்க் குவிக்கிறது என்று அமெரிக்காவில் புளோரிடாவில் 2001இல் கண்டுபிடித்தார்கள். செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு அங்கே குளத்துத் தண்ணீரில் சூரியகாந்தியை மிதக்கவிட்டுக் கதிர்வீச்சுப் பொருளைப் பிடித்துப் பார்த்தார்கள். வெட்டிவேரும் எலுமிச்சைப்புல்லும் அந்த வகை அல்ல. இவை ஈயத்தைப் பெரும்பாலும் வேரிலும் வேரைச் சுற்றிய மண்ணிலும் நிறுத்திக்கொள்கின்றன. மேலே இலைக்குப் போவது கொஞ்சம்தான். மண் காற்றில் பறக்காமல், மழையில் ஓடாமல், கிணற்றுக்கு இறங்காமல் பிடித்து வைப்பதுதான் இவற்றின் வேலை. பெரிய வேலைதான். ஆனால் அதற்குப் பெயர் சுத்தம் செய்வது அல்ல.

இப்போது அந்தக் காணொளியின் இரண்டு வாக்குறுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புல் விஷத்தை எல்லாம் எடுத்துவிடும் என்பது ஒன்று. அந்தப் புல்லைத் தாராளமாக விற்கலாம் என்பது இன்னொன்று. இலை உலோகத்தை எடுக்காவிட்டால் இலை நல்லது, ஆனால் மண் அப்படியேதான் இருக்கிறது. இலை எடுத்தால் மண் குறையும், ஆனால் இலை விஷம். ஒரே வாயால் இரண்டையும் சொல்ல முடியாது. ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்கிற கேள்வி இது. லட்சக்கணக்கில் பகிர்ந்தவர்களில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, எவ்வளவுதான் எடுக்கும்? கரும்பலகை இல்லாவிட்டாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். யாரும் ஓட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

30 சென்ட் என்றால் சுமார் 1,214 சதுர மீட்டர். மேல் மண் 20 சென்டிமீட்டர் ஆழம் மட்டும் எடுத்தால் 243 கனமீட்டர். ஒரு கனமீட்டர் மண் 1.3 டன் என்று வைத்தால் சுமார் 315 டன் மண். அமெரிக்காவில் வீட்டு மண்ணில் ஒரு டன்னுக்கு 400 கிராம் ஈயம் என்று பல வருஷம் வைத்திருந்த எச்சரிக்கை அளவை 2024இல் 200 ஆகக் குறைத்தார்கள். நம்ம விளையில் டன்னுக்கு 500 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்டரி உடைத்த இடங்களில் ஆயிரக்கணக்கில் இருப்பது உண்டு, நான் கருணையோடு கணக்குப் போடுகிறேன். 500ஐ 200 ஆக்க வேண்டும் என்றால் டன்னுக்கு 300 கிராம் எடுக்க வேண்டும். 315 டன்னுக்கு 94,500 கிராம், அதாவது 94 கிலோவுக்கு மேல்.

30 சென்ட்டில் வருஷத்துக்குக் காய்ந்த எடையில் 3 டன் புல் வருவதாகக் கொள்வோம். வேரும் இலையும் சேர்த்து, ஒரு டன்னில் 50 கிராம் ஈயம் ஏறியதாகக் கொள்வோம். வருஷத்துக்கு 150 கிராம். 94,500ஐ 150ஆல் வகுத்தால் 630.

630 வருஷம். அந்த அளவு பின்னால் போனால் பத்மநாபபுரம் அரண்மனைகூடக் கட்டப்பட்டிருக்காது.

என் எண்களை நீங்கள் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். புல் பத்து மடங்கு எடுக்கிறது என்றே வையுங்கள், அப்போதும் 63 வருஷம். 'ஒரு வருஷத்தில் சுத்தம்' என்பது எந்தக் கணக்கிலும் வராது. இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. செடி வேகமாக உறிஞ்ச வேண்டும் என்று மண்ணில் ஒரு ரசாயனத்தைக் கலந்து ஈயத்தைக் கரையவிடுகிறார்கள். கரைந்தது செடிக்குள் மட்டுமா போகும்? நம்ம ஊரில் மழைக்காலத்தில் கிணற்றில் கைவிட்டு மொண்டுவிடலாம் என்கிற அளவுக்குத் தண்ணீர் ஏறி நிற்கும். அந்த வேலையை இங்கே யாரும் செய்யக் கூடாது.

தைல விஷயத்தில் காணொளிக்காரர் சொன்னது பெரும்பாலும் உண்மை, அதையும் சொல்லிவிட வேண்டும். தைலத்தை நீராவியில் வடிக்கிறார்கள். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும்போது மணப்பொருளும் கூடவே ஏறிப் போகும். காட்மியம் கொதிக்க 767 டிகிரி வேண்டும், ஈயத்துக்கு 1,700க்கும் மேல். அதனால் உலோகம் ஆவியில் ஏறாது. கொப்பரையில் கிடக்கிற சக்கையிலும் கஷாயத் தண்ணீரிலும் தங்கிவிடும். வேளாண்மை படித்த என் மாணவி ஒருத்தி இதைத்தான் சொல்லி என்னோடு வாதாடினாள். ஏழை நிலக்காரன் அந்த மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வான் சார், சும்மா போடச் சொல்கிறீர்களா, சாப்பிடாத பயிர், எண்ணெயில் விஷம் இல்லை, இதைவிட நல்ல வழி எது என்றாள். நியாயமான கேள்வி. பெரிய பரப்பு, பக்கத்திலேயே வடிக்கும் ஆலை, சக்கையைக் கணக்கு வைத்து அப்புறப்படுத்த ஏற்பாடு, எண்ணெயைப் பரிசோதிக்க ஆள், இவை எல்லாம் இருந்தால் அவள் சொல்வதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் சக்கையை நினைத்துப் பாருங்கள். நூறு கிலோ பச்சை எலுமிச்சைப்புல்லில் தைலம் அரைக் கிலோ அளவில்தான் தேறும். மீதி 99 கிலோவுக்கு மேல் சக்கை. ஈயம் இருப்பது அதில். வழக்கமாக அந்தச் சக்கையை என்ன செய்கிறார்கள்? காயவைத்து அதே அடுப்பில் எரிப்பார்கள், அல்லது உரமாகப் போடுவார்கள், அல்லது தென்னை மூட்டில் மூடாக்குப் போடுவார்கள். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஈயம். உரமாக்கினால் ஒரு விளையில் இருந்தது பத்து விளைக்குப் போய்ச் சேரும். விஷக் கழிவைப் புதைக்க முறையான இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. நம்ம ஊரிலிருந்து சக்கையை அங்கே கொண்டுபோக லாரி வாடகை கொடுத்தால், தைலத்தில் வந்த காசு எங்கே நிற்கும்?

பாதரசத்துக்கு இந்தத் தைலக் கணக்கும் பொருந்தாது. அது வெறும் காற்றிலேயே ஆவியாகிற உலோகம், கொப்பரையில் சும்மா கிடக்காது. கொடைக்கானலில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களில் தொடங்கியது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். 2001இல் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஓர் ஆக்கர் கடையில் குவிந்து கிடந்தது வெளியே தெரிந்த பிறகுதான் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான ஒப்பந்தம் 2016இல்தான் வந்தது. நம்ம சுற்றுலாப் போட்டோவில் இருக்கிற அதே கொடைக்கானல்தான். அந்த மண்ணிலே வாசப்புல் நட்டுத் தைலம் காய்ச்சலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

இனி எனக்கு உண்மையாகவே பயம் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். தைலம் எடுக்கிறவன் எடுக்கட்டும். வேரை வேராகவே விற்றால்?

வெட்டிவேரில் உலோகம் தங்குகிற இடம் வேர். நாம் வாங்குகிற பொருளும் அதே வேர். அதைத் தூக்கிப் பச்சைப் பிள்ளை குடிக்கிற தண்ணீர்ப் பானையில் போடுகிறோம். பொடித்து முகத்தில் பூசுகிறோம். சர்பத் காய்ச்சுகிறோம். வேருக்குள் இருக்கிற ஈயமும், என்ன கழுவினாலும் மயிரிழை வேரில் ஒட்டியிருக்கிற மண்ணும் ஒரு துளிகூடத் தண்ணீரில் இறங்காது என்று யார் உறுதி கொடுப்பார்கள்? நாட்டு மருந்துக் கடையில் மூட்டையோடு மூட்டையாகக் கலந்துவிட்டால் எந்த வேர் எந்த மண்ணில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? சென்ற வாரம் ஒரு கடையில் இது எந்த ஊர் வேர் என்று கேட்டேன். கடலூர் என்று சொல்லிவிட்டு, ஏன் கேட்கிறீர்கள் என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர் தானாகவே சொல்லுவார்.

ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வலிக்காத விஷம். சாப்பிட்டதும் வாந்தி வராது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவு ஈயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட அதிகமாக ஈயத்தை இழுக்கும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். யுனிசெப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறது என்றது. அதில் 27 கோடிக்கு மேல் நம்ம நாட்டுப் பிள்ளைகள். முறையில்லாமல் பேட்டரி உடைத்து உருக்குவது அதற்கு ஒரு பெரிய காரணம் என்றும் சொன்னது. செனகல் நாட்டுத் தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில் தியாரோயே சுர் மேர் என்று ஓர் ஊர். பேட்டரி உடைத்த மண்ணிலிருந்து ஈயத் துண்டைச் சலித்தெடுத்து விற்றுப் பிழைத்தார்கள். 2007 கடைசியிலிருந்து 2008 தொடக்கத்துக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். செத்தது ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. நம்ம பைக், ஆட்டோ, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் அதே சாதிதான். எடையில் பாதிக்கு மேல் ஈயம். உடைக்கும்போது கொட்டுகிற அமிலம் மண்ணைப் புளிக்கவைத்து, ஈயம் இன்னும் சுலபமாக நகர வழி செய்கிறது.

வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றுமே ஏறாமல் முழித்த பிள்ளைகளை மண்டு என்று சொல்லி விட்டுவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அவர்களில் யார் வீட்டுப் பக்கத்தில் என்ன எரிந்தது என்று எந்தப் பள்ளிக்கூடமும் கேட்பதில்லை.

பெரிய அளவில் இந்தப் பிரச்சினை எப்படி இருக்கும் என்று பார்க்க ராணிப்பேட்டைக்குப் போக வேண்டும். 2006இல் உலகத்தின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் போட்ட பட்டியலில் செர்னோபிலோடு சேர்த்து நம்ம ராணிப்பேட்டையும் இருந்தது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை இருபது வருஷம் போல ஓடிவிட்டு 1990களின் நடுவில் மூடிக்கொண்டது. விட்டுப்போனது சுமார் 2.27 லட்சம் டன் குரோமியக் கழிவு. மழை பெய்தால் மேட்டின் அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். தோல் பதனிடுகிற குரோமியத்தைவிட இந்த மஞ்சள் வகை பொல்லாதது. தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும். தோல் ஆலைகளின் கதை தனி. வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு அதில் இருந்தது. கெடுத்தவன்தான் செலவு செய்ய வேண்டும் என்பது நம்ம நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பும் உறுதியாகச் சொன்னது. சரி, செலவு செய்தார்களா? 2025 ஜனவரியிலும் அதே வேலூர் மாவட்டத்துத் தோல் ஆலை மாசுக்காக உச்ச நீதிமன்றம் இழப்பீடு பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது. 28 வருஷத்துக்கு மேல்.

இந்த இடத்தில்தான் வாசப்புல் எனக்குக் கசக்கிறது. புல்லைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கம்பெனிக்காரன் மண்ணைக் கெடுத்துவிட்டுப் போவான், நாம் அதன் மேல் வெட்டிவேர் நட்டு, நாலு போட்டோ எடுத்து, இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று எழுதுவோம் என்றால், அது அவனுக்கு மன்னிப்புச் சீட்டு. மண்ணைத் தோண்டி எடுக்க, மூடிக் கட்ட, தண்ணீரைச் சுத்திகரிக்க ஆகிற செலவோடு பார்த்தால் புல் மலிவு. மலிவாக இருப்பதாலேயே பெரிய இடங்களில் அதைப் பிடித்துக்கொள்வார்கள். 2.27 லட்சம் டன் மேட்டைப் புல்லால் கரைக்க முடியாது. சரியாக மூடிக் கட்டிய பிறகு மேலே மண் ஓடாமல் பிடிக்க அதை நடலாம். அது கடைசி வேலை, முதல் வேலை அல்ல.

நம்ம மாவட்டத்துக்கு வந்தால், இரண்டு கேள்வி எப்போதும் வரும். மணவாளக்குறிச்சி மணலில் இதை நடலாமா என்பது ஒன்று. 1909இல் ஒரு ஜெர்மன்காரர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டதிலிருந்து நம்ம கடற்கரைக்கு உலகப் பெயர் உண்டு. அதிலிருக்கிற தோரியம் கல்லுக்குள் இறுகிக் கிடப்பது, தண்ணீரில் லேசில் கரையாது, புல்வேர் அதை உறிஞ்சிக் குறைத்துவிடாது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு, அவற்றை வெட்டிவேரோடு முடிச்சுப் போட வேண்டாம். வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கு இன்னொன்று. பல வருஷம் நாகர்கோவிலின் குப்பை முழுக்கக் கொட்டிய இடம். பேட்டரி, டியூப்லைட், பெயின்ட் டப்பா, செத்த செல்போன் எல்லாம் அதோடுதான் போயிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் குப்பையை அள்ளிய பிறகும், அடியிலுள்ள மண்ணில் என்ன இருக்கிறது என்று அளந்து ஊருக்குச் சொல்லாமல் பூங்காவோ காய்கறித் தோட்டமோ போடக் கூடாது என்பது என் கருத்து.

அளப்பது என்றதும் உங்களில் பலர் மண்வள அட்டையை எடுப்பீர்கள். 2015இல் வந்த நல்ல திட்டம். ஆனால் அதில் 12 விஷயம்தான் பார்ப்பார்கள்: அமில காரத் தன்மை, உப்பு, கரிமச் சத்து, தழை மணி சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். ஈயம் கிடையாது, காட்மியம் கிடையாது, குரோமியம் கிடையாது. பயிருக்கு என்ன குறைகிறது என்று சொல்லும், மனுஷனுக்கு எது கூடுதல் என்று சொல்லாது. அட்டையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது சாரே என்று அந்தப் பையன் காட்டினான். பச்சையாகத்தான் இருக்கும். கனஉலோகப் பரிசோதனை என்று தனியாகக் கேட்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் காசு கட்டித்தான் பார்க்க வேண்டும்.

மண் எடுக்கும்போது விளை முழுக்கக் கலந்து ஒரே பையில் போடாதீர்கள். உடைத்த இடம், அமிலம் கொட்டிய இடம், உருக்கிய இடம் தெரிந்தால் அதற்குத் தனிப் பை. மீதி விளைக்குத் தனிப் பை. மேல் 15 சென்டிமீட்டர் போதும். பல நேரம் 30 சென்ட்டில் 3 சென்ட்தான் மோசமாக இருக்கும். அந்த மண்ணை மட்டும் பிரித்து முறையாக அப்புறப்படுத்தினால் மீதி பிழைத்துக்கொள்ளும். முடிவு வரும் வரை குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் அங்கே விடாதீர்கள். வெறும் மண்ணாகக் கிடக்கவிடாதீர்கள், தூசிதான் வீட்டுக்குள் வரும். அதற்கு வெட்டிவேர் முதல் தரம். தாராளமாக நடுங்கள், வருஷா வருஷம் பறிக்காதீர்கள். பறிக்க மண்ணைக் கிளறினால் பிடித்து வைத்ததை எல்லாம் நாமே பறக்கவிடுகிறோம். நம்ம செம்மண் இயல்பிலேயே கொஞ்சம் புளிப்பு. ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் சுண்ணாம்பு போட்டு அந்தப் புளிப்பைக் குறைத்தால் உலோகம் நகர்வது குறையும். சிப்பிச் சுண்ணாம்பே போதும். தண்டங்கீரை, முள்ளங்கி, மரச்சீனி, சேம்பு, இவை அந்த மண்ணில் வேண்டவே வேண்டாம். மல்லி, புதினா, துளசியும் வாசனைச் செடிதானே என்று ஒருத்தி கேட்டாள். வாயில் போடுகிற எந்த வாசனையும் அங்கே கூடாது.

சட்டமும் இப்போது கொஞ்சம் கை கொடுக்கிறது. மாசுபட்ட இடங்களை நிர்வகிக்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் புது விதிகள் கொண்டுவந்திருக்கிறது. மாவட்ட நிர்வாகம் சந்தேகப்படும் இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் ஆய்வை முடிக்க வேண்டும். மாசு உறுதியானால் கெடுத்தவரிடம் செலவை வாங்க வேண்டும். கதிர்வீச்சுக் கழிவு, சுரங்க வேலை, குப்பைக் கிடங்கு போன்றவற்றுக்கு இந்த விதி பொதுவாகப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பேட்டரி உடைத்த இடம் இதற்குள் வரும். பட்டியலில் உங்கள் ஊர் இடம் வர வேண்டுமென்றால் யாராவது எழுதிக் கொடுத்தால்தான் வரும், தானாக வராது.

பழைய பேட்டரியைக் கிலோ கணக்கில் சைக்கிள்காரருக்குப் போடாதீர்கள். 2022 விதிப்படி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு உண்டு. புதுப் பேட்டரி வாங்குகிற கடையிலேயே பழசைக் கொடுத்துக் கழித்துக்கொண்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். இருநூறு ரூபாய் குறைந்தால் குறையட்டும்.

மனு கொடுக்க நினைப்பவர்களுக்கு: திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். சர்வே எண், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்ன வேலை நடந்தது, பக்கத்தில் கிணறு, பள்ளிக்கூடம், வீடு எவ்வளவு தூரம், இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். ஆய்வுக்கூட முடிவு இருந்தால் நகல் சேருங்கள், ஒரு பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள் மக்களே. மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.